எட்டுப் பிள்ளைகளின் சராசரி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏட்டில் இவையெல்லாம் நகரங்கள். நேரில் போய்ப் பார்த்தால் ஒரு பேருந்து நிலையம், இரண்டு மூன்று கடைத்தெருக்கள், வாரச்சந்தை, கூட்டுறவு வங்கி. அதைத் தாண்டினால் வயல். பிழைப்பும் வயலில்தான், அல்லது தறியில், செங்கல் சூளையில், வெளியூர்க் கட்டட வேலையில். ஏட்டில் நகரமாகவும் பிழைப்பில் கிராமமாகவும் இருக்கிற இப்படியொரு ஊரில், ஐந்து வயது நிரம்பிய பிள்ளையை எந்த அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒரு தாய் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். "பெரிய தெரு ஸ்கூல்தான் நல்லா இருக்கும்" என்பார் ஒருவர். "அங்க டீச்சரே சரியா வர்றதில்ல, மேட்டுத்தெருவுல சேரு" என்பார் இன்னொருவர். இரண்டும் காதுவழிச் செய்தி. அரசிடம் இருக்கும் தேர்வுப் புள்ளிவிவரங்களை அப்படியே கொண்டுவந்து வைத்தாலும் அந்தத் தாய்க்குப் பெரிதாக உதவாது. சிறிய பள்ளிகளை ஒப்பிட மதிப்பெண் சராசரி பயன்படாது. பயன்படக்கூடிய தகவல்கள் அன்றாடம் பதிவாகின்றன. அவை பெற்றோர் கண்ணுக்கு எட்டுவதில்லை.

முதலில், எந்தப் பள்ளிகளை ஒப்பிடுகிறோம் என்பதே அவ்வளவு எளிய செய்தி இல்லை. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தங்கள் பெயரில் பள்ளிகள் நடத்துகின்றன, பேரூராட்சிகள் நடத்துவதில்லை. அதனால் பேரூராட்சிக்குள் இருக்கும் பள்ளியின் முகப்பிலும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றே எழுதியிருக்கும். 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தால் பிறந்த ஒன்றியங்களின் காலத்துப் பெயர் அது. அங்குள்ள ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். பலகையில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதே ஊரில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் இருக்கலாம். ஆதிதிராவிடர் நலத் துறை நடத்தும் தொடக்கப் பள்ளி இருக்கலாம். ஒரு திருச்சபையோ உள்ளூர் நிர்வாகமோ தொடங்கி, கட்டடம் அவர்களுடையதாகவும் சம்பளம் அரசுடையதாகவும் ஓடுகிற உதவிபெறும் பள்ளி இருக்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றிலும் ஒரே பாடநூல், ஒரே சீருடை, ஒரே மதிய உணவு. ஆனால் ஆசிரியர் நியமனமும் இடமாறுதலும் பராமரிப்பு நிதியும் வெவ்வேறு மேசைகளிலிருந்து வருகின்றன. ஒரு பள்ளியின் கூரை ஒழுகினால் மனு ஒரு அலுவலகத்துக்குப் போகும், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளியின் கூரைக்கு வேறொரு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருப் பிள்ளைகளே அங்கே படிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிப்படி தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நல்ல விதி, ஆறு வயதுக் குழந்தை அதற்குமேல் நடக்கக் கூடாது. ஆனால் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் பள்ளிகளும் அப்படியே பிரிந்துபோகின்றன. 'பெரிய தெரு ஸ்கூல் நல்ல ஸ்கூல்' என்ற பேச்சில், அங்கே சொல்லித்தருவதைப் பற்றிய செய்தி எவ்வளவு, யார் வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்கிறார்கள் என்ற செய்தி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், துறைவாரியாகப் பிரிந்து கிடக்கும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஒப்பீட்டின் கோணத்திலிருந்தும் அந்தப் பரிந்துரை முக்கியமானது. ஒரே ஊரின் பிள்ளைகளை இரண்டு துறைகள் இரண்டு கோப்புகளில் வைத்திருக்கும்வரை, அவர்களுக்குச் சமமாகக் கிடைத்ததா என்று யாரும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.

இனி எண்களுக்கு வருவோம். ஊரின் கோடியில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு எட்டில் ஆறு பேர் ஒரு பக்கக் கதையைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள், 75 விழுக்காடு. அடுத்த ஆண்டு எட்டில் நான்கு பேர், 50 விழுக்காடு. பட்டியல் போடுகிறவர், தேர்ச்சி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது என்று எழுதிவிடுவார். நடந்தது இவ்வளவாகவே இருக்கலாம்: ஒரு குடும்பம் தை முடிந்ததும் சூளைக்குப் போய்விட்டு ஆனியில் திரும்பியது, காது சரியாகக் கேட்காத ஒரு சிறுமி அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தாள். ஆசிரியர் அதே ஆசிரியர், உழைப்பும் அதே உழைப்பு. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் எடை 12.5 விழுக்காடு. பக்கத்து ஊரில் ஐந்தாம் வகுப்பில் மட்டும் 128 பேர் படிக்கும் தனியார் பள்ளியில் அதே ஒரு பிள்ளையின் எடை ஒரு விழுக்காடுகூட இல்லை.

இதைக் கணிதம் நெடுங்காலமாகவே அறியும். 1730இல் ஆபிரகாம் டி மாவர் எழுதிவைத்த விதிப்படி, சராசரியின் ஆட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக அமையும். எட்டுப் பேரின் சராசரி, 128 பேரின் சராசரியைவிட நான்கு மடங்கு ஆடும். இது தெரியாததால் வந்த விபரீதங்களைப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007இல் எழுதினார். பென்சில்வேனியா மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பு உள்ள 1,662 பள்ளிகளின் வாசிப்பு மதிப்பெண்களை அவரும் உடன் ஆய்வாளரும் வரிசைப்படுத்தினார்கள். முதல் 50 இடங்களில் 6 பள்ளிகள், மாநிலத்திலேயே மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. தற்செயலாக வரக்கூடியதைவிட இது நான்கு மடங்கு. சிறிய பள்ளியே சிறந்த பள்ளி என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கடைசி 50 இடங்களைப் பார்த்தால் அங்கே 9 மிகச் சிறிய பள்ளிகள் இருந்தன. சிறிய பள்ளிகள் உச்சியிலும் இருக்கும், அடியிலும் இருக்கும். அடுத்த ஆண்டு இடம் மாறியும் இருக்கும். உச்சியை மட்டும் பார்த்தவர்கள் அமெரிக்காவில் பெரிய பள்ளிகளைச் சிறிய பள்ளிகளாக உடைக்கப் பெரும்பணம் செலவழித்தார்கள். நம் ஊரில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. அடியை மட்டும் பார்த்துவிட்டு, சிறிய பள்ளி என்றாலே மோசம் என்கிறோம்.

தேசிய அளவிலான கணிப்புகள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வும் 2024 டிசம்பரில் நடந்த பரக் ஆய்வும் மாவட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லவே வடிவமைக்கப்பட்டவை. மாதிரிக்கு எடுத்த பள்ளியில் எழுதிய சில பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பள்ளியை எடைபோட முடியாது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்து அல்ல, வீடுகளுக்குப் போய்ச் சோதிக்கிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், படிக்காவிட்டாலும், அதன் கையில் ஒரே வாசிப்புத் தாள் கொடுக்கப்படுகிறது. நேர்மையான முறை. ஆனால் அது ஊரகத்துக்கான ஆய்வு. கணக்கெடுப்பில் நகரம் என்று பெயர் வாங்கிய பேரூராட்சி அதன் வலைக்குள் வருவதே இல்லை. வாழ்க்கையில் ஊரகமான லட்சக்கணக்கான பிள்ளைகள் ஊரகக் கணிப்புக்கு வெளியே நிற்கிறார்கள். நகரங்களைப் பற்றிய கணிப்புகள் வந்தால் அவற்றில் பெருநகரங்களின் நிழல்தான் விழுகிறது.

சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒரு ஆசிரியரின் முன்னால் எத்தனை வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை. எத்தனை பிள்ளைகள் என்பதை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. ஆகஸ்ட் முதல் தேதி நிலவரத்தை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. பதினெட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர், ஐம்பத்தெட்டுப் பேர் படிக்கும் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர். ஆசிரியர்-மாணவர் விகிதம் என்று எழுதும்போது முதல் பள்ளி 1:9 என்று கொழித்து நிற்கும், இரண்டாவது 1:29. ஆனால் இரண்டு பள்ளியிலும் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளையும் மற்றவர் நான்கு, ஐந்தையும் பார்த்தாக வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றை மட்டும் எடுத்தாலே ஐந்து வகுப்புக்குப் பதினைந்து பாடம், இரண்டு பேர். விகிதம் சொல்வது ஒரு கதை, வகுப்பறை சொல்வது வேறு கதை.

ஈராசிரியர் பள்ளி ஒன்றின் காலை பத்து மணியை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அறையின் ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து எழுத்து அட்டைகளைப் பொறுக்குகிறார்கள். நடுவில் இரண்டாம் வகுப்பு, பயிற்சி நூலில் வண்ணம் தீட்டியபடி. சுவரோரம் மூன்றாம் வகுப்பு, பத்துக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் மாட்டிக்கொண்டு. ஆசிரியை மூன்றாம் வகுப்புச் சிறுவன் அருகில் மண்டியிட்டு, 42இலிருந்து 17ஐக் கழிக்க 4 ஏன் 3 ஆகிறது என்று தீக்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டுகிறார். ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி அழத் தொடங்குகிறாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே குச்சிக் கட்டுக்குத் திரும்புகிறார். இதற்கிடையே வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும்; சிக்னல் கிடைக்கும் வராண்டா ஓரத்துக்குப் போய்வர வேண்டும். அந்தச் சிறுவனுக்கு அன்று கிடைத்த நான்கு நிமிடம் தங்கமான நான்கு நிமிடம். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் அது நாற்பது நிமிடமாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. நாற்பது பேருக்குப் பொதுவாகக் கரும்பலகையைப் பார்த்துச் சொல்லி முடித்துவிடுகிற இடங்களும் உண்டு.

பல வகுப்பை ஒன்றாக வைத்துக் கற்பிப்பது தானாகவே மோசமான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஓரறைப் பள்ளிகளுக்காகவே உருவான முறை அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறும். அதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003இல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதற்கும் செயல்வழிக் கற்றல் என்று கொண்டுபோனார்கள். பெருநகரப் பள்ளிக்கு அது புதுமையாக இருந்தது. ஈராசிரியர் பள்ளிக்கு அது உயிர்மூச்சாக இருந்திருக்க வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. இந்த முறைகள் ஒரு பள்ளியில் உயிரோடு இருக்கின்றனவா, அல்லது பயிற்சி நூலின் பக்கங்கள் மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பப்படுகின்றனவா என்பதில்தான் இரண்டு ஈராசிரியர் பள்ளிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு வருகிறது. பிள்ளையின் பயிற்சி நூலை வாங்கிப் புரட்டினால், அதை எந்தத் தாயும் கண்டுபிடித்துவிடலாம். ஒரே மையில், ஒரே நாளின் கையெழுத்தில் பத்துப் பக்கம் திருத்தப்பட்டிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

அடுத்தது நாள். தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்பது சட்டத்தின் குறைந்தபட்சம். பள்ளி திறந்திருந்த நாளை எண்ணினால் ஏறக்குறைய எல்லாப் பள்ளியும் தேறிவிடும். இரண்டு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் பள்ளியில் இருந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வட்டார வளமையத்தில் பயிற்சியில் இருப்பார். குறுவளமையக் கூட்டம் ஒரு நாள். தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியல் வேலை. மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் பல மாதங்களுக்கு மாற்றுப்பணியில் யாராவது வந்துபோவார், சில நாள் வரமாட்டார். கலந்தாய்வில் இடமாறுதல் கிடைத்துப் போனவரின் இடம் காலியாகக் கிடக்கும். ஐந்து ஆசிரியர் உள்ள நடுநிலைப் பள்ளியில் ஒருவர் இல்லாத நாளின் சுமை நால்வர் தலையில் பகிர்ந்து விழும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லையென்றால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். அந்த நாளில் பாடம் நடக்காது; பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும் நடக்கும். அந்த ஆசிரியரைக் குறைசொல்லவே முடியாது.

ஆசிரியர் வருகை அன்றாடம் செயலியில் ஏறுகிறது. ஆகவே 'இருவரும் இருந்த நாள்' என்ற எண்ணைக் கணக்கிட எந்தப் புதிய ஆய்வும் தேவையில்லை. ஒரே ஊரின் மூன்று ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்றில் 170 நாள், இன்னொன்றில் 110 நாள் என்று வந்தால், அந்த வேறுபாடு மதிப்பெண் போல ஒரு பிள்ளையால் ஆடிப்போகிற எண் இல்லை. அது நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய எண். தலைமை ஆசிரியர் மேல் பழி போடவும் அது பயன்படாது, ஏனென்றால் பயிற்சிக்கு அழைப்பதும் மாற்றுப்பணிக்கு அனுப்புவதும் அவர் அல்ல. ஒப்பீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி: அதனால் வரும் கேள்வி, பதில் சொல்லக்கூடியவரிடம் போய்ச் சேர வேண்டும்.

கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவை பற்றிய விவரம் அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யுடைஸில் பள்ளிவாரியாகக் கிடைக்கிறது. நேரில் ஒருமுறை எட்டிப்பார்த்தால் அதைவிடத் தெளிவாகத் தெரியும். உணவில் இப்போது பெரிய வேறுபாடு இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், அதற்கடுத்த ஆண்டு நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஏட்டில் நகரமான பேரூராட்சி இங்கேயும் சிக்கியது: கிராமத்துப் பிள்ளையோடு ஒரே வயலோரம் வளரும் பிள்ளை, உதவிபெறும் பள்ளியில் படித்த காரணத்தால் ஒரு ஆண்டு அதிகம் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பசியோடு வரும் பிள்ளைக்குத் தெரியாது.

வாசிப்பு நிலையையே அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நிலையில் நிற்கிறது என்பதைவிட எங்கிருந்து எங்கே வந்தது என்று அளக்கச் சொல்கிறேன். 1966இல் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மன் அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டில் பெரும்பங்கு குடும்பச் சூழலிலிருந்து வருகிறது என்று கண்டது. அப்போது அது பலருக்கு அதிர்ச்சி. அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்த வீட்டுப் பிள்ளை அ, ஆ தெரிந்தே பள்ளிக்கு வருகிறது. பெற்றோர் இருவரும் கரும்பு வெட்டப் போய், பாட்டியிடம் வளரும் பிள்ளை பென்சிலைப் பிடிக்கப் பழகுவதே கார்த்திகையில்தான். மூன்றாம் வகுப்பில் முதல் பிள்ளை கதையும் இரண்டாம் பிள்ளை பத்தியும் வாசித்தால், எந்தப் பள்ளி அதிகம் உழைத்திருக்கிறது?

வளர்ச்சியை அளந்தால் என்ன தெரியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கொரோனாவுக்கு முன்பு ஊரகப் பகுதிகளில் தேர்வு வைத்திருந்த அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும், பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு 2021 டிசம்பரில் அதே பகுதிகளுக்குத் திரும்பினார்கள். கணக்கில் இழப்பு மிகப் பெரியது, தமிழில் அதில் பாதியளவு. அன்று ஒரு பட்டியல் போட்டிருந்தால் எல்லாப் பள்ளியும் தோற்றிருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது; அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்குக்கு, தெருவில் மாலை நேரத்தில் நடந்த இல்லம் தேடிக் கல்வி வகுப்புகள் காரணம் என்று கணக்கிட்டார்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே வேகமாக மீண்டார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியால் முடியாது என்று எழுதுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டு எழுத வேண்டும்.

பெற்றோரிடம் ஒப்பீட்டைக் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? நடக்கும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதியில் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு அறிக்கை அட்டை கொடுத்தார்கள் தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் குவாஜா என்ற மூன்று பொருளியலாளர்கள். தன் பிள்ளையின் மதிப்பெண், பள்ளியின் சராசரி, ஊரின் மற்றப் பள்ளிகளின் சராசரி எல்லாம் அதில் இருந்தன. எழுத்தறியாத பெற்றோருக்குக் கூட்டத்தில் விளக்கிச் சொன்னார்கள். அட்டை கிடைத்த கிராமங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 விழுக்காடு குறைந்தது, பள்ளியில் சேர்ந்தவர் எண்ணிக்கை 4.5 விழுக்காடு கூடியது. அரசுப் பள்ளிகளும் முன்னேறின. 2017இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: பெரும்பாலான பெற்றோர் பிள்ளையைப் பள்ளி மாற்றவில்லை. இருந்த பள்ளியே மாறியது. தன் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரிந்த தாய்க்கு, ஆசிரியரிடம் போய்க் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது.

ஊருக்குள் வேன் அனுப்பும் ஆங்கிலவழிப் பள்ளியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உண்மையில் பல தாய்மாரின் ஒப்பீடு அதோடுதான். ஆந்திரத்தில் குலுக்கல் முறையில் கட்டணச் சீட்டுக் கொடுத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தனியாருக்கு அனுப்பிப் பார்த்த பெரிய ஆய்வில், நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: தனியார் பள்ளிகள் அதை மிகக் குறைந்த செலவில் செய்தன. அங்கே ஆசிரியர் வாங்கும் சம்பளம் அந்தச் செலவின் மறுபக்கம். தமிழ்நாட்டில் இன்னொரு போக்கும் சேர்ந்திருக்கிறது. மருத்துவப் படிப்பின் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கல்லூரி மாணவியருக்கான மாதம் 1,000 ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியையே பார்க்கின்றன. ஐந்தாம் வகுப்பு வரை வேனில் போய்விட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு வந்தால் போதும் என்ற கணக்கு பெற்றோர் மனத்தில் பதிந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளி நிரம்ப, தொடக்கப் பள்ளி காலியாகிறது. இதற்கும் அந்த ஈராசிரியர்களின் திறமைக்கும் சம்பந்தமே இல்லை.

காலியாகிற பள்ளிக்குத் தவறான ஒப்பீட்டால் வரும் கேடு பெரியது. 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்ற அரசு முடிவெடுத்தது. யாருமே இல்லாத கட்டடத்தைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் படிக்கிற பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அந்தப் பதினைந்து பேர் யாரென்று பார்த்தால், வேனுக்குக் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். இணைக்கப்படும் பள்ளி வேறு தெருவில், சில ஊர்களில் நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது இணைப்புக்கு ஆதரவான வலுவான வாதம். அதை நான் மறுக்கவில்லை. ஒன்றாம் வகுப்புச் சிறுமி அந்தச் சாலையைக் கடக்க மாட்டாள், கடந்தாலும் அந்தத் தெரு அவளை ஏற்குமா என்பது எதிர்வாதம். அதற்கும் பதில் வேண்டும். ஊருக்கு ஊர் விடை மாறும். கணக்கில் சேர வேண்டியவை மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றே.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஒரே பேரூராட்சியில் உள்ள எல்லாப் பொதுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களும், துறை வேறுபாடு பாராமல், ஆண்டுக்கு இருமுறை ஒன்றாக உட்கார எந்தத் தடையும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து அதே பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பத்தியை வாசிக்கிறார்கள் என்பதை, மூன்று ஆண்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அங்கே வைக்க வேண்டும். எட்டு, இருபத்து நான்காகும்போது எண் கொஞ்சம் நிலைபெறும். இரண்டு ஆசிரியர்களும் இருந்த நாள்களின் எண்ணிக்கையையும் வைக்க வேண்டும். ஒரு பள்ளியை இணைக்கும் கோப்பு வந்தால், இந்த இரண்டு எண்களும் அதில் இருக்கின்றனவா என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் பெற்றோர் அந்தக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு திரும்பிப் போகட்டும்.